காலர் மைக்கும் முந்நூறு அடியும்

தம்பிகளா, நம் வீடியோக்காரர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருவராவது இந்தக் கேள்வியைப் போட்டுவிடுகிறீர்கள். கேமராவுக்கு வெளி மைக் வாங்க வேண்டும், விலை கம்மியாக, நல்லதாக ஒன்று சொல்லுங்கள் அண்ணே என்று. முப்பத்திரண்டு வருஷம் பெரம்பலூரில் வீடியோ கடை வைத்திருந்தவனாயிற்றே, இவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஒரே ஒரு மைக்தான் நான் சொந்தமாக வாங்கினேன், அதை வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை குழம்பித்தான் கிடக்கிறேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். மைக் பெயர் கேட்டு வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். கல்யாண வீடியோக்காரனுக்குக் காது ஓர் உபரி உறுப்பு. எடிட்டிங்கில் உட்கார்ந்ததும் நாம் செய்யும் முதல் வேலை என்ன? கேமரா பிடித்த சத்தத்தை மொத்தமாக வழித்துப் போட்டுவிட்டு, சினிமாப் பாட்டை இழுத்து மேலே போடுவது. தாலி கட்டும் இடத்தில் மட்டும் கெட்டிமேளத்தை விட்டுவைப்போம், அதுவும் கெட்டிமேளம் கேசட்டிலிருந்து வந்ததுதான். என் கேமராவில் மைக் சொருகும் ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி உண்டு. ஏழு வருஷத்தில் அதை நான் ஒருதடவைகூடத் திறந்ததில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கும் வீடியோக்காரனைப் பார்த்தால் பந்தா பண்ணுகிறான் என்று சிரித்திருக்கிறேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள், இப்போது நல்ல பிள்ளை வேஷம் போட வேண்டாம்.

கடையை மூடுவதற்கு முந்தின வருஷம் தனக்கோடி என்ற அம்மா கடைக்கு வந்தார். விக்கிரமங்கலத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். ஐம்பது வயதிருக்கும். ஒன்றரை ஏக்கர், அதில் மக்காச்சோளமும் பருத்தியும் மாற்றி மாற்றிப் போடுவார், வயலை ஒட்டியே வீடு, வீட்டை ஒட்டிக் கிணறு. மகளை எறையூரில் கட்டிக்கொடுத்தபோது நான்தான் வீடியோ எடுத்தேன். அதற்கப்புறம் வீட்டுக்காரர் தவறிவிட்டார்.

அவர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு கம்பெனியின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. அதை இன்னும் அகலமாக வெட்டப் போகிறார்கள். அப்படி வெட்டுவதற்கு முன்னால் அதிகாரிகள் வந்து பந்தல் போட்டு உட்கார்ந்து ஊர் ஜனங்களின் கருத்தைக் கேட்பார்கள், கம்பெனிக்காரர் அதே மேடையிலிருந்து பதில் சொல்வார். நம் பக்கத்தில் இது புதிதில்லை, உங்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட பந்தலில் டீ குடித்திருப்பீர்கள். தனக்கோடி சொன்னது இதுதான்.

"போன தடவ ஏரியத் தாண்ட மாட்டோம்னாங்கண்ணே. தாண்டிட்டாங்க. போயிக் கேட்டா, அப்படி யாரு சொன்னான்றாங்க. இந்தத் தடவ என் கெணத்தப் பத்திக் கேக்கப் போறேன். அவங்க என்ன சொல்றாங்களோ அது வீடியோவுல இருக்கணும்."

வெடி வைக்கும்போது வீட்டுச் சுவரில் கீறல் விழுவதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. சுவரைப் பூசிக்கொள்ளலாமாம். சுரங்கம் இன்னும் கிட்டே வந்தால் கிணற்றுத் தண்ணீர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும், தண்ணீர் போனால் ஒன்றரை ஏக்கரும் போச்சு, மகள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் என்றார். எத்தனை அடி தள்ளி நிறுத்துவார்கள் என்ற ஒரே பதில்தான் அவருக்கு வேண்டும். நான் சரி என்று தலையாட்டினேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று, இந்தத் தடவை பாட்டுப் போட்டுவிடாதீர்கள் என்றார். எனக்குப் புரியவில்லை. மகள் கல்யாணத்தில் அவர் வீட்டுக்காரர் கேமராவைப் பார்த்து மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என்னவோ வாழ்த்துச் சொன்னாராம். அதன் மேல் நான் பாட்டுப் போட்டிருக்கிறேன். வாய் மட்டும் அசைகிறதாம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆகவே மைக் வாங்குவது என்று தீர்மானித்தேன். அங்கே பிடித்தது சனியன். திருச்சியில் ஒரு கடையில் போய் நின்று, கேமராவுக்கு மைக் வேண்டும் என்றேன். எந்த மாதிரி என்று கேட்டார்கள். பேசினால் கேட்கிற மாதிரி என்றேன். கவுண்டரில் இருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நான்கு டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்று கேமரா தலைமேல் உட்காரும் நீள மைக், எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கத்துச் சத்தத்தை மட்டும் பிடிக்குமாம். ஒன்று ஒயர் வைத்த காலர் மைக், இருபதடி ஒயர். ஒன்று ஒயர் இல்லாத காலர் மைக், அது பிடிப்பதை வாங்கிக்கொள்ளும் குட்டிப் பெட்டியைக் கேமராவில் சொருக வேண்டும். இன்னொன்று பார்க்க அதே மாதிரியே இருந்தது, ஆனால் அது செல்போனுக்காம், பின்னில் கூடுதலாக ஒரு வளையம் இருக்குமாம், கேமராவில் சொருகினால் கொர்ரென்று இரைச்சல்தான் வருமாம். எல்லாமே நல்ல மைக் என்றார். எல்லாமே நல்லது என்றால் எதற்கு நான்கு என்று கேட்டேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்து செல்போனில் விமர்சன வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவர் நீள மைக்தான் தெய்வம் என்றார். அடுத்தவர் அந்தக் காசுக்கு அது குப்பை என்றார். மூன்றாமவர் அறைக்குள் மெத்தையைச் சுற்றி வைத்துக்கொண்டு பேசினார், அவருக்கு எல்லா மைக்கும் நன்றாகவே கேட்டது. மெத்தையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போக முடியுமா? தலை கிறுகிறுத்து, அரியலூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்குப் போன் போட்டேன். திருவிழா, துக்க வீடு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் கட்டுகிறவர். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார், விடுங்கள். சத்தத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஏதாவது உண்டென்றால் அவரிடம்தான். அவர் மைக் பெயரே சொல்லவில்லை.

"யாரு பேசறது உனக்கு வேணும்? அத மொதல்ல சொல்லு, அப்பறம் மைக்கச் சொல்றேன்" என்றார்.

தனக்கோடி என்றேன். யோசிக்கவே இல்லை. அவர்தானே காசு கொடுக்கிறார், அவர்தானே கூட்டத்தில் எழுந்து பேசப் போகிறார். கல்யாணத்தில் பொண்ணை விட்டுவிட்டு வேறு யாரையாவது எடுத்தால் உதைக்க மாட்டார்களா? அந்தப் புத்தி. பெரியவர், அப்படியென்றால் காலர் மைக்கை அந்த அம்மா மேலே மாட்டு, வாய்க்குக் கிட்டே இருந்தால் மட்டமான மைக்கும் மகாராஜாதான் என்றார். நான் மறுபடி கடைக்குள் போய் ஒயர் இல்லாத காலர் மைக்கைக் கேட்டேன். சட்டையில் மாட்டும் துண்டு ஒன்று இருப்பது வேண்டுமா, இரண்டு இருப்பது வேண்டுமா என்றார்கள். இரண்டு துண்டு வைத்தது கொஞ்சம் கூடுதல் விலை. ஒருவர்தானே பேசப் போகிறார், ஒன்று போதும் என்றேன். இதை எழுதும்போது என் மண்டையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

பஸ் பாடாலூர் வரும்வரை டப்பாவுக்குள் இருந்த துண்டுக் காகிதத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியின் சேலையில் மாட்டி, அடுப்படியில் போய்ப் பேசச் சொன்னேன். சிலிண்டர் தீர்ந்துபோய் இரண்டு நாளாகச் சொல்கிறேன், மைக் வாங்க மட்டும் திருச்சிக்குப் போகத் தெரிகிறதா என்று பேசினாள். கணீரென்று கேட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பக்கத்தில் நின்று நானும் ஏதாவது பேசி, என் குரல் கேட்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். தோன்றவில்லை.

கூட்டத்தன்று பந்தல் நிறைய ஜனம். மேடையில் அதிகாரிகள், ஓரத்தில் கம்பெனி மேலாளர், கீழே ஒரு ஸ்டாண்டில் பேசுகிறவர்களுக்கான மைக், தூணுக்குத் தூண் குழாய் ஸ்பீக்கர். பார்த்தால் அந்த மைக் செட்டே நம் பெரியவருடையதுதான், பந்தலின் பின்பக்கம் ஆம்ப்ளிபயரோடு உட்கார்ந்திருந்தார், கை காட்டினேன். தனக்கோடியின் முந்தானையில் மைக்கை மாட்டிவிட்டு, மேலாளருக்குப் பத்தடி தூரத்தில் போய் இடம் பிடித்தேன். நல்ல இடம். இரண்டு முகமும் கிடைக்கும்.

தனக்கோடி பேசினார். அடேயப்பா, என்ன பேச்சு. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. போன கூட்டத்தில் ஏரி, இந்தக் கூட்டத்தில் கிணறா, கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி நிறுத்துவீர்கள், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்டார். ஜனம் கைதட்டியது. பேசி முடித்ததும் அவர் ஸ்டாண்டை விட்டு நகர்ந்து பெண்கள் இருந்த பக்கம் போனார், நாலைந்து பேர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். மேலாளர் மேடை மைக்கைக் கையில் எடுத்தார்.

அந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கேமராவை மேலாளர் முகத்துக்குத் திருப்பினேன். திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குள் சுருக்கென்று ஒரு சந்தேகம். மைக் அந்த அம்மாவிடம் இருக்கிறதே, இவர் பேசுவது எதில் விழும்? கேமராவுக்குள்ளேயே ஒரு மைக் இருக்கிறதே, அதில் விழுமா, இரண்டும் சேர்ந்து விழுமா? என் கை சொருகியிருந்த பின்னிடம் போனது. பிடுங்கிவிடலாமா? பிடுங்கினால் இரண்டும் போய்விட்டால்? கோடு ஆடுகிறதே, ஆடினால் சத்தம் வருகிறது என்றுதானே அர்த்தம்? ஃபோகஸ் வேறு நழுவியது. கை திரும்பி வந்து ஃபோகஸைப் பிடித்தது. அவ்வளவுதான், மேலாளர் பேசி முடித்துவிட்டார். ஜனம் மறுபடி கைதட்டியது. பந்தலே திருப்தியாக இருந்தது, நானும் திருப்தியாக இருந்தேன்.

அன்று மத்தியானமே தனக்கோடி வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். அவர் பேசியது வெண்கல மணி. அடுத்து மேலாளர் முகம் வந்தது, மூக்குக்கண்ணாடி, நெற்றி வியர்வை, எல்லாம் துல்லியம். வாய் அசைந்தது. கேட்டது என்னவோ "நல்லாக் கேட்டடி", "தண்ணி குடிக்கிறியா", வளையல் சத்தம், துணி உரசும் சத்தம். பின்னால் எங்கேயோ குழாய் ஸ்பீக்கரில் ஒரு கொழகொழப்பு. வெளி மைக்கைச் சொருகினால் கேமராவின் சொந்தக் காது அடைத்துக்கொள்ளும் என்பது எனக்கு அந்த வயதில், அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் தெரிந்தது. தனக்கோடி இரண்டாந்தடவை போடச் சொன்னார். போட்டேன். மூன்றாந்தடவை அவர் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒரே மனுஷிக்கு இரண்டாவது முறை, வாயை மட்டும் அசையவிட்டிருக்கிறேன்.

வெளியே வந்து மைக் செட் பெரியவருக்குப் போன் போட்டுக் கத்தினேன், நீங்கள்தானே அந்த அம்மா மேலே மாட்டச் சொன்னீர்கள் என்று. அவர் நிதானமாக, நீ யார் பேச்சு வேண்டும் என்று சொன்னாயோ அதற்கு மைக் சொன்னேன் என்றார். பிறகு, என் ஆம்ப்ளிபயரிலிருந்து ஒரு ஒயர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, மேடையில் பேசியது, கீழே பேசியது எல்லாமே அதில் வந்திருக்குமே, கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாயே என்றார். ஒரு ஒயர், தம்பிகளா. நான்கு டப்பாவைப் பார்த்துக் குழம்பியவனுக்கு அந்த ஒயர் ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் தனக்கோடி கம்பெனி ஆபீசுக்கே போய்க் கேட்டிருக்கிறார். மேலாளர் உட்காரவைத்து, டீ கொடுத்து, தூரம் எதுவும் சொன்னதாக ஞாபகமில்லை, வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள் என்றாராம். அரசாங்கம் எடுத்த வீடியோவுக்கு மனுப் போட்டார், அது இன்றுவரை வரவில்லை. செல்போனில் எடுத்த இரண்டு பேரிடமும் கைதட்டல்தான் இருந்தது. ஆனால் தனக்கோடி உட்கார்ந்துவிடுகிற ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டார். கேட்டவர்கள் ஊரில் இருக்கிறார்களே, அவர்கள் கேட்டதை ஆளாளுக்குக் கேமராவில் சொல்லட்டும், பதிந்து கலெக்டரிடம் கொடுத்துவிடலாம் என்றார். காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிக் கிளம்பினேன். இந்தத் தடவை காதில் இயர்போன்.

ஒரே மைக், ஒருவர் சட்டையிலிருந்து அடுத்தவர் சட்டைக்கு மாற்றி மாற்றி மாட்டினேன். ஒவ்வொரு குரலும் அவ்வளவு சுத்தம். முதலில் உட்கார்ந்தவர், முந்நூறு அடி என்றார். அடுத்தவர் முந்நூறு மீட்டர் என்றார். ஒரு பெண், நூறு அடி, கூட ஒரு தடுப்புச் சுவர் என்றார். ஒருவர், தூரமே சொல்லவில்லை, பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் சொன்னார் என்று அடித்துச் சொன்னார். அவருக்கும் முதலாமவருக்கும் கேமரா முன்னாலேயே சண்டை வந்து, நான் விலக்கிவிட வேண்டியதாயிற்று. எல்லாருமே அங்கே இருந்தவர்கள், எல்லாருமே கைதட்டியவர்கள், யாரும் பொய் சொல்லவில்லை. பாதிக்கு மேல் முந்நூறு அடிதான் சொன்னார்கள், தனக்கோடியும் முந்நூறு அடி என்றுதான் கேட்டிருக்கிறார். ஆனால் மீதிப் பேர் வேறு மாதிரி சொல்கிறார்களே. எனக்கு மறுபடி தலை கிறுகிறுத்தது.

எல்லாரும் முடித்த பிறகு தனக்கோடி அந்த மைக்கை எடுத்து என் சட்டையில் மாட்டினார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. அவருக்குப் பக்கத்துல நின்னது நீங்கதான். நீங்க எங்க ஊரும் இல்ல, கம்பெனி ஆளும் இல்ல. நீங்க சொன்னா எடுபடும்."

ஊரே சுற்றி நின்றது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, நான்தான் ஓடவிட்டிருந்தேன். முந்நூறு அடி என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவர் கிணற்றுக்கு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். என் தப்புக்கு ஒரு பரிகாரமாகவும் இருக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. கண்ணை மூடி அந்தப் பந்தலை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். மேலாளர் கண்ணாடியின் ஃபிரேம் பொன் நிறம். இடது கையில் தண்ணீர் பாட்டில். உதடு எங்கே குவிந்தது, எங்கே விரிந்தது என்பதுவரை தெரிகிறது. என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. பத்தடி தூரத்தில் நின்றிருக்கிறேன், ஒரு சொல் இல்லை. வாயைத் திறந்தேன், முந்நூறு என்ற சொல் பாதி வந்துவிட்டது. கேட்காததை நான் கேட்டேன் என்றால், சொன்னது ஞாபகமில்லை என்கிற மேலாளருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று பட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"எனக்குத் தெரியலம்மா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கேக்கல."

ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு விலகிப் போனார். தனக்கோடி என் முகத்தையே பார்த்தார், கோபமா வருத்தமா எனக்குப் பிடிபடவில்லை. மைக்கைக் கழற்றினார். இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, நான் சொன்னதைப் போடச் சொன்னார். போட்டேன். முழுசாகக் கேட்டார். இது உங்கள் மனுவைக் கெடுத்துவிடும், என் பேச்சையும் தூரமே சொல்லவில்லை என்று சண்டை போட்டவர் பேச்சையும் வெட்டிவிட்டு மீதியைக் கொடுத்துவிடுகிறேன், எனக்கு இரண்டு நிமிஷ வேலை என்றேன்.

"வேணாம்ண்ணே" என்றார். "சொன்னதச் சொல்லலன்னு ஆக்குறாங்கன்னுதான இவ்ளோ பாடு. அதையே நாமளும் பண்றதா? எல்லாத்தையும் அப்படியே குடுங்க."